பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்வெர்ட்டர் போய்விட்டது: எதை வாங்குவது?

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் அம்மாவின் வீட்டில் 2022-இல் பொருத்திய 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், மின்சாரம் போய்த் திரும்பி வந்த கணத்தில் பட்டென்ற சத்தத்துடன் நின்றுவிட்டது. இரண்டு பைலான்டெக் யு.எஸ். 3000சி லித்தியம் பேட்டரிகள் பழுதில்லாமல் இருக்கின்றன. கூரையில் 455 வாட் சூரியத் தகடுகள் ஆறு. அம்மாவுக்கு நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி இரவு முழுவதும் ஓடியாக வேண்டும். "இந்த முறை 8 கிலோவாட் ஹைபிரிட் போட்டுவிடுங்கள், அப்புறம் கவலையே இல்லை" என்கிறார் கடைக்காரர். ஹைபிரிட் என்பது சூரியன், பேட்டரி, மின்வாரியம் மூன்றையும் சேர்த்து ஓட்டும் இன்வெர்ட்டர். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

8 கிலோவாட் வேண்டாம். இப்போதுள்ள பேட்டரிகளை வைத்துக்கொண்டு அதை வாங்கினால், மின்சாரம் போன நேரத்தில் அந்த எட்டில் பாதிகூட உங்கள் கைக்கு வராது. 5 கிலோவாட் போதும். ஆனால் எந்த 5 கிலோவாட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய இன்வெர்ட்டருக்கு மாற்று வாங்குவது முதன்முதலாக இன்வெர்ட்டர் வாங்குவதிலிருந்து வேறான வேலை. முதல் முறை வீட்டிலுள்ள சாமான்களைக் கூட்டிப் பார்த்து வாங்கலாம். இந்த முறை சுவரில் தொங்கும் பேட்டரியும் கூரையில் கிடக்கும் தகடுகளும் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன்பு இன்றே செய்ய வேண்டிய ஒன்று. இன்வெர்ட்டர் செத்ததிலிருந்து வெளியே மின்சாரம் இருந்தும் பாதி வீடு இருட்டாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இன்வெர்ட்டர் வழியாகவே போகிறது. அது நின்றதும் வழி அடைபட்டுவிட்டது. பதிவு பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து, வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பலகையில் அந்த இணைப்புகளை நேராக மின்வாரிய மின்சாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதிக நேரம் பிடிக்காத வேலை. அப்படியே நிரந்தரமாக ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை இன்வெர்ட்டர் பழுதானால் நீங்களே சுவிட்சைத் திருப்பி வீட்டை உயிர்ப்பிக்கலாம். ஆக்சிஜன் ஓடும் வீட்டில் இந்தச் சுவிட்ச் இல்லாமல் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீட்டிப்புக் கம்பியின் இரண்டு முனையிலும் ஆண் பிளக்கைப் பொருத்தி, சுவர் சாக்கெட் வழியாக வீட்டுக்குள் மின்சாரம் ஏற்றும் வேலையை யார் சொல்லிக்கொடுத்தாலும் செய்யாதீர்கள். கழற்றிய முனையில் 230 வோல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் உயிரே போகலாம்.

புதியது வரும்வரை பேட்டரியோடு சக்கரம் வைத்த பெட்டியில் வரும் ஒரு சிறிய தள்ளுவண்டி இன்வெர்ட்டரை இரவல் வாங்கி அம்மாவின் கருவிக்கு மட்டும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அதில் இரண்டைப் பார்க்க வேண்டும். அட்டவணை போட்டு மின்சாரத்தை வெட்டும் லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது நம் ஊர்க் கடைகளில் மலை மலையாக விற்ற தள்ளுவண்டிகளில் பல, சுத்தமான சைன் அலை தருபவை அல்ல. படிப்படியாக வெட்டிய அலையைத்தான் தரும். விளக்குக்கும் வைஃபைக்கும் அது போதும். ஆக்சிஜன் செறிவூட்டியின் கம்ப்ரசர் மோட்டார் அதில் சூடேறி முனகும். கருவியே அபாய ஒலி எழுப்பி நின்றும் போகலாம். பெட்டியில் 'சுத்தமான சைன் அலை' என்று இருந்தால் மட்டும் எடுங்கள். அடுத்தது, 1200 வி.ஏ. என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பக்கவாட்டுச் சீட்டில் 720 வாட் என்று இருக்கும். வாட்தான் உங்களுக்கு உதவும் எண். அதோடு வரும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் மொத்தம் 1.2 கிலோவாட் மணி இருக்கிறது. பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. 350 வாட் இழுக்கும் செறிவூட்டி அதில் ஒன்றரை மணி நேரம் ஓடும். இரவு முழுவதும் தாங்கும் என்று நம்பிப் படுத்துவிடாதீர்கள்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். உங்கள் பேட்டரி ஒவ்வொன்றும் 48 வோல்ட், 74 ஆம்பியர் மணி. அதாவது 3.55 கிலோவாட் மணி. இரண்டும் சேர்ந்து 7.1. ஒவ்வொன்றிலிருந்தும் தொடர்ந்து எடுக்கத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் மின்னோட்டம் 37 ஆம்பியர், இரண்டுக்கும் 74. 74 ஆம்பியரை 48 வோல்ட்டால் பெருக்கினால் 3,552 வாட். இன்வெர்ட்டருக்குள் வீணாவதைக் கழித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 3,300 வாட் கிடைக்கும். உங்கள் வீட்டில் மின்தடையின்போது பேட்டரியிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடிய அளவு இதுதான். இன்வெர்ட்டரின் முகப்பில் 5 என்று இருந்தாலும் 8 என்று இருந்தாலும் இந்த எண் மாறாது. 8 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓட பேட்டரியிலிருந்து 180 ஆம்பியர் கேட்கும். பேட்டரியின் உள்ளே இருந்து அதைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை அவ்வளவு கொடுக்க மறுத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும். அந்த நொடியில் ஆக்சிஜன் உட்பட எல்லாம் நின்றுபோகும். பெரிய இன்வெர்ட்டர் பாதுகாப்பானது என்று நினைத்து வாங்குபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் கெட்டிலையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள்.

3,300 வாட் உங்கள் அம்மாவின் வீட்டுக்குத் தாராளம். செறிவூட்டி 350, குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150, எல்.இ.டி. விளக்குகள், தொலைக்காட்சி, வைஃபை, மின்விசிறி எல்லாம் சேர்த்து 250. கெட்டில் போட்டால் இன்னொரு 2,200. மொத்தம் மூவாயிரத்துக்குள் அடங்கும். கீசரையும் அடுப்பையும் இன்வெர்ட்டர் பக்கம் கொண்டுவராதீர்கள். மூன்று கிலோவாட் கீசர் ஒன்று போதும், ஒரு மணி நேரத்தில் பேட்டரியில் பாதியைக் குடித்துவிடும்.

இனிச் சொல்லப்போவதைக் கடைக்காரர் அநேகமாகச் சொல்லமாட்டார். உங்கள் பேட்டரிகளில் உள்ளே 15 செல்கள் வரிசையாக இருக்கின்றன. இப்போது கடைகளில் வரும் வேறு பல '48 வோல்ட்' லித்தியம் பேட்டரிகளில் 16 செல்கள் இருக்கும். அவற்றின் சீட்டில் 51.2 வோல்ட் என்று இருக்கும். ஒரு செல் வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. 15 செல் பேட்டரியை 52.5-லிருந்து 53.5 வோல்ட் வரைதான் ஏற்ற வேண்டும். புதிதாகப் பொருத்தும் இன்வெர்ட்டர்களில் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஈய அமில பேட்டரிக்கென்று 56.4 வோல்ட்டில் அமைக்கப்பட்டிருக்கும். 16 செல் பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். 15 செல்லுக்கு அது ஒரு செல்லுக்கு 3.76 வோல்ட் ஆகிவிடுகிறது. இந்த வகை லித்தியம் செல்லின் எல்லை 3.65. பி.எம்.எஸ். காப்பாற்றும், உண்மைதான். ஆனால் எப்படிக் காப்பாற்றும்? ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டிக்கும். வேகமாக வந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் இன்வெர்ட்டருக்குள் வோல்ட் எகிறும். இது நாள்தோறும் நடந்தால் உள்ளே இருக்கும் பாகங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். உங்கள் பழைய இன்வெர்ட்டரின் அமைப்புகளில் ஏற்ற வோல்ட் எவ்வளவு என்று வைத்திருந்தார்கள் என்பதைப் பொருத்தியவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்டாலே அது செத்ததற்கான காரணங்களில் ஒன்று தெரிந்துவிடலாம்.

அதனால் புதிய இன்வெர்ட்டர் உங்கள் பேட்டரியோடு பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கேன் அல்லது ஆர்.எஸ். 485 என்ற தகவல் இணைப்பு வழியாக, 'எனக்கு இவ்வளவு வோல்ட் போதும், இவ்வளவு ஆம்பியருக்கு மேல் எடுக்காதே' என்று பேட்டரியே இன்வெர்ட்டருக்குச் சொல்லும். இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் பொருந்தும் பேட்டரிகளின் பட்டியலில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'லித்தியம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற பொதுவான வாக்கியத்தை ஏற்காதீர்கள். கம்பி விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டு முனையும் கணினி நெட்வொர்க் கம்பியைப் போலவே இருக்கும். ஆனால் உள்ளே எந்த ஊசிக்கு எந்த இழை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாதாரண நெட்வொர்க் கம்பியைச் செருகிவிட்டு, திரையில் பேட்டரி சதவீதம் வரவில்லை என்றதும், 'பரவாயில்லை, வோல்ட் கணக்கிலேயே ஓடட்டும்' என்று சொல்லிவிட்டுப் போகும் பொருத்துநர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போக விடாதீர்கள். லித்தியம் பேட்டரியின் வோல்ட் முக்கால்வாசி நேரம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். வோல்ட்டை வைத்து மீதி எவ்வளவு என்று கணிப்பது லித்தியத்தில் பலிக்காது. எண்பது சதவீதமா முப்பது சதவீதமா என்று தெரியாமல் அம்மாவை இரவில் படுக்கவைக்கக் கூடாது.

கூரைத் தகடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆறு தகடுகளும் இரண்டு இரண்டாக இணைக்கப்பட்டு மூன்று கிளைகளாக இறங்குகின்றன என்று அனுப்பிய விவரத்தில் இருக்கிறது. பழைய இன்வெர்ட்டரின் சூரிய உள்ளீடு 145 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு தகடு திறந்த நிலையில் ஏறக்குறைய 50 வோல்ட்; இரண்டு சேர்ந்தால் 100. இன்று விற்கும் 5 கிலோவாட் ஹைபிரிட்களில் பலவற்றின் சூரிய உள்ளீடு 120 முதல் 150 வோல்ட் வந்தால்தான் விழிக்கவே செய்யும். உச்ச வரம்பு 500. பழைய கம்பிகளை அப்படியே செருகினால் பட்டப்பகலிலும் சூரிய உற்பத்தி பூஜ்யம் என்று காட்டும். தகடு கெட்டுவிட்டது என்று யாராவது சொல்லி, புதியவற்றை உங்கள் தலையில் கட்டிவிடக்கூடும். ஆறையும் ஒரே வரிசையாக மாற்றி இணைத்தால் 300 வோல்ட் வரும், அது எல்லைக்குள் பொருந்தும். குளிர்ந்த காலையில் தகட்டின் வோல்ட் சற்று உயரும், அதற்கும் இடம் விட வேண்டும். டர்பனின் குளிர்காலத்துக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் உறைபனி விழும் விடியலில் இதே கணக்கை இன்னும் கவனமாகப் போட வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: 300 வோல்ட் நேர்மின்சாரம் உயிரை எடுக்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்கவும் முடியாது. மாற்றி இணைக்கும் வேலைக்கு உரிய நேர்மின்சார ஐசொலேட்டரும் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஃபியூஸும் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எந்த வகை என்பது. நம் சந்தையில் உங்கள் அளவுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. உங்களிடம் இருந்தது ஆக்ஸ்பெர்ட் வகை. விலை குறைவு, மின்வாரியப் பக்கம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாது, அமைப்பு எளிது. ஆனால் பேட்டரிக்கு மாறும்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலே பல மாடல்களில் உள்ளே இருக்காது. வெளியே தனியாகப் பொருத்த வேண்டும். அது இல்லாவிட்டால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச், பேட்டரியில் ஓடும்போது வேலை செய்யாது. உலோக உடல் உள்ள கருவியில் கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. சான்ஸ் 10142-1 என்ற நம் நாட்டு மின்னமைப்பு விதிநூல் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. பல வீடுகளில் செய்யப்படாமல் விடப்பட்ட வேலை இதுதான்.

அடுத்தது சன்சின்க், டேய் (Deye) போன்ற நிறுவனங்களின் ஹைபிரிட்கள். சூரியன், பேட்டரி, மின்வாரியம் மூன்றையும் ஒரே நேரத்தில் கலந்து பயன்படுத்தும். நேர வாரியாக பேட்டரியில் எவ்வளவு மீதம் வைக்க வேண்டும் என்று அமைக்கலாம். உங்கள் நிலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது விக்ட்ரான் மல்டிபிளஸ் போன்று உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவை. மோட்டார் தொடங்கும் இழுப்பை இவை அலட்சியமாகத் தாங்கும். நியூட்ரல் எர்த் ரிலே உள்ளேயே இருக்கிறது. சும்மா இருக்கும்போது குடிப்பதும் மிகக் குறைவு: மல்டிபிளஸ்-2, 48/5000 மாடல் 18 வாட்தான் எடுக்கும். மற்ற வகைகளில் பல 50 வாட் வரை எடுக்கும். அது நாளொன்றுக்கு 1.2 கிலோவாட் மணி, உங்கள் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் விக்ட்ரானில் சூரிய உள்ளீடு தனிக் கருவி. அதையும் சேர்த்தால் செலவு ஏறும். 5000 வி.ஏ. என்று பெயர் இருந்தாலும் 25 டிகிரியில் 4,000 வாட், 40 டிகிரியில் 3,700 வாட் என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். வெப்பம் ஏறினால் திறன் இறங்குவது எல்லா இன்வெர்ட்டருக்கும் உள்ளது. வெளிப்படையாக எழுதுபவர்கள் சிலரே. பணம் தடையில்லை என்றால் விக்ட்ரான். தடை என்றால் பொருந்தும் பட்டியலில் உங்கள் பேட்டரியின் பெயர் உள்ள 5 கிலோவாட் ஹைபிரிட். இரண்டில் எதை எடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று விளம்பரங்களில் போட்டி போடுகிறார்கள். பத்து மில்லி நொடியோ இருபதோ, செறிவூட்டிக்குப் பெரிய வித்தியாசம் இராது. கணினிக்கு மட்டும் பத்து நல்லது.

ஹைபிரிட் வாங்கினாலும் விக்ட்ரான் வாங்கினாலும் அதன் அமைப்பில் ஓர் இடத்தில் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். 'மாலையில் பேட்டரியை இருபது சதவீதம் வரை இறக்கி ஓட்டினால் மின்கட்டணம் மிச்சமாகும்' என்று பொருத்துநர் சொல்வார். கணக்குச் சரிதான், ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இரவில் அம்மாவின் கருவி, குளிர்சாதனப் பெட்டி, ஒன்றிரண்டு விளக்கு, வைஃபை, இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு எல்லாம் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ அரை கிலோவாட் மணி. இரவு பத்து மணிக்குப் பேட்டரி நாற்பது சதவீதத்தில் இருந்து, அப்போது துணைமின்நிலையம் விழுந்தால், இருபது சதவீதத்தைத் தொடும்வரை மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். அதிகாலை ஒரு மணிக்கு அபாய ஒலி கேட்கும். பத்து மணிக்கு எண்பது சதவீதம் இருந்தால் எட்டு மணி நேரம், அதாவது விடிந்துவிடும். அதனால் மாலை ஐந்து மணி முதல் காலை ஆறு மணி வரை எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, மின்சாரம் போனால் மட்டும் இறங்கலாம் என்று அமைக்கச் சொல்லுங்கள். பகலில் சூரியனோடு எவ்வளவு வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் ரேண்ட் சொற்பம். அம்மாவின் மூச்சை அதற்கு ஈடு வைக்க வேண்டாம். இவ்வளவு செய்தாலும் படுக்கையருகே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியே இருக்க வேண்டும். எந்த இன்வெர்ட்டரும் அதற்கு மாற்று ஆகாது.

லோட்ஷெட்டிங்தான் ஓய்ந்துவிட்டதே, இவ்வளவு தேவையா என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். 2023-இல் அநேகமாக ஆண்டு முழுவதும் வெட்டு இருந்தது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு மாதக்கணக்கில் இல்லை. 2025 தொடக்கத்தில் சில முறை திரும்பத் தலைகாட்டியது. ஆனால் டர்பனில் இருட்டு வருவதற்கு நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் மட்டும் காரணம் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினியின் மின்கட்டமைப்பு எவ்வளவு சேதமடைந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். கம்பித் திருட்டு, பழைய துணைமின்நிலையம், குளிர்கால மாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் சுமை இவையெல்லாம் அட்டவணை இல்லாமல் வருபவை. இரண்டு மணி நேரத்தில் திரும்பும் என்ற உறுதியும் அவற்றுக்குக் கிடையாது. அட்டவணை போட்டு வந்த வெட்டை விட இவைதான் உங்கள் அம்மாவுக்கு ஆபத்து.

பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை அதே சுவரில் மாட்டாதீர்கள். பேட்டரி, சூரியத் தகடு, மின்வாரியம் மூன்றையும் பிரித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிய பிறகு, மின்பணியாளரை மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். மின்விசிறியின் இறக்கைகளில் சாம்பல் நிறப் பஞ்சு கம்பளம் போலப் படிந்திருக்கிறதா? உருளை வடிவக் கபாசிட்டர்களின் தட்டையான தலை உப்பி, ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்திருக்கிறதா? செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கிறதா? பச்சை என்றால் கடற்காற்றின் உப்பு. மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கம் இது சாதாரணம், சாட்ஸ்வொர்த் மேட்டிலும் ஈரப்பதம் குறைவில்லை. பலகையின் குறுக்கே கருகிய பல்லி ஒன்று ஒட்டிக்கிடப்பதும் உண்டு. வெதுவெதுப்பைத் தேடி உள்ளே போய், இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டுவிடும். இவற்றில் ஏதாவது இருந்தால் புதியதற்கு தூசியும் நீரும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள உறையைத் தேர்ந்தெடுங்கள். இடத்தையும் மாற்றுங்கள்: கீசருக்கு அடியில் வேண்டாம், மாலை வெயில் அடிக்கும் சுவர் வேண்டாம், மேலேயும் கீழேயும் காற்றோட்டத்துக்கு அரை மீட்டர் இடம் விடுங்கள்.

உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்து, பவர் டிரான்சிஸ்டர்கள் மட்டும் வெடித்திருந்தால், மின்சாரம் திரும்பிய நேரத்து அதிர்ச்சி அலை மேல் சந்தேகம் வரும். தெருவில் எல்லா வீட்டுக் கீசரும் ஒரே நொடியில் விழிக்கும்போது வோல்ட் தாறுமாறாக ஆடும். டி.பி. பலகையில் இந்த அலையை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் இல்லையென்றால் இந்த முறை கட்டாயம் போடுங்கள், சூரியத் தகட்டுப் பக்கமும் ஒன்று. மின்சாரம் திரும்பியதும் ஒரு நிமிடமாவது நிதானித்து, பிறகே இன்வெர்ட்டர் மின்வாரியத்தோடு சேரும்படி அமைப்பதும் உதவும். பேட்டரிக் கம்பியின் லக் முனைகளையும் பாருங்கள். நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் திருகு தளர்ந்திருந்தது என்று பொருள். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் கம்பி அது. பழைய கம்பி மெலிதாக இருந்தால் அதையே பயன்படுத்த விடாதீர்கள். 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறைவாக நான் ஏற்கமாட்டேன்.

பழையதைப் பழுதுபார்க்கலாமா? மற்ற வீடாக இருந்தால் முயலலாம் என்பேன். உங்கள் வீட்டில் வேண்டாம். வெடித்த பாகத்தை மாற்றினாலும் அதே அதிர்ச்சியைத் தாங்கிய பக்கத்துப் பாகங்கள் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வெட்டு குறைந்த பிறகு பலர் விற்கும் பழைய இன்வெர்ட்டர்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன். புதியதில் உத்தரவாதத்தைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பழுதானால் டர்பனிலேயே மாற்றித் தருவார்களா, அதுவரை இரவல் ஒன்று தருவார்களா என்று கேளுங்கள். ஐந்து வருட உத்தரவாதச் சீட்டு கையில் இருந்து, கருவி ஆறு வாரம் வேறு ஊரில் கிடந்தால் அம்மாவுக்கு என்ன பயன்?

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைபிரிட் மின்வாரியத்தோடு இணைந்து ஓடுவதால் அப்படி இணைவதற்கான தரமாகிய என்.ஆர்.எஸ். 097-2-1 சான்று உள்ளதாக இருக்க வேண்டும். கேப் டவுன் மாநகராட்சி வெளியிடும் ஒப்புதல் பட்டியலை நாடு முழுவதும் பலர் பார்த்து வாங்குகிறார்கள், நீங்களும் பாருங்கள். எத்தெக்வினியில் பதிவு செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் பதிவு பெற்ற மின்பணியாளரின் கையொப்பத்தோடு, வேலை விதிப்படி நடந்தது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். தீ விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். உங்களிடம் ப்ரீபெய்டு மீட்டர் இருக்கிறது. வெளியே கசியும் சூரிய மின்சாரத்தையும் செலவாகவே கணக்கிடும் மீட்டர்கள் உண்டு, முறைகேடு என்று எண்ணிப் பூட்டிக்கொள்பவையும் உண்டு. அதனால் மின்சாரம் வெளியே போகாதபடி அளவிடும் சி.டி. வளையத்தைச் சரியான திசையில் மாட்டி, வெளியேற்றத்தை நிறுத்தி அமைத்திருக்கிறார்களா என்று திரையில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பொருத்தி முடித்த அன்று பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் அவர்களை நிறுத்தி வையுங்கள். சிலிண்டரை அருகில் வைத்துக்கொண்டு, செறிவூட்டி ஓடும்போதே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். கருவி ஒலி மாறாமல் ஓட வேண்டும். அந்த நிலையிலேயே கெட்டிலைப் போடுங்கள், குளிர்சாதனப் பெட்டியும் ஓடட்டும். திரையில் பேட்டரி சதவீதம் தெரிகிறதா, பேட்டரியிலிருந்து எடுக்கும் ஆம்பியர் 74-ஐத் தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு செறிவூட்டியை நிறுத்தி, சிலிண்டரை அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பேட்டரியிலேயே வீடு ஓடிக்கொண்டிருக்கும்போது எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அது உடனே விழ வேண்டும். அதோடு விட்டுவிடாமல், நியூட்ரலும் எர்த்தும் பேட்டரி ஓட்டத்தில் இணைந்திருக்கின்றனவா என்பதை மீட்டர் வைத்து அளந்து உங்களிடம் காட்டவும் சொல்லுங்கள். பொத்தான் சுவிட்சின் இயக்கத்தை மட்டும் சோதிக்கும். இணைப்பு இருக்கிறதா என்பதை மீட்டர்தான் சொல்லும். இவை எல்லாம் சரியாக வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.